நல்லம்மாவின் வளையல் வழக்கு

நல்லம்மா முதல்முறை அந்த மண்டபத்தைப் பார்த்தபோது அதைச் சத்திரம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை. அதற்குச் சுவர் கிடையாது, கதவு கிடையாது. வரிசையாகச் செதுக்கிய மரத்தூண்கள், அவற்றின் மேல் தாழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை, கீழே குளிர்ந்த தரை. அவ்வளவுதான். தும்பறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலையில் புறப்பட்டு, லேவெல்லத் துறையில் தோணி ஏறி மகாவலியைத் தாண்டி, ஒன்பது மாத வயிற்றோடு கண்டிக்கு நடந்து வந்த ஒருத்திக்கு அதைவிட நல்ல நிழல் எங்கே கிடைக்கும்?

அவளோடு வந்தவள் அவளுடைய அம்மா ராக்கம்மா. மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போகக் கலஹாவிலிருந்து நடந்து வந்தவள், இப்போது மகளோடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்தச் சத்திரத்த யாரு கட்டுனது?"

"ராசாதான் கட்டியிருப்பாரு. கட்டிப்போட்டுட்டுப் போயிட்டாரு, நாம காலு நீட்ட. நீட்டு."

ராக்கம்மா சொன்னதில் பாதி உண்மை. அது கண்டி அரசர்களின் சபை மண்டபம். சிங்களத்தில் மகுல் மடுவ என்பார்கள். அரசனைப் பிடித்த பிறகு, அவரைக் கப்பலேற்றுவதற்கு முன்பு, கண்டி நாட்டை வெள்ளைக்காரருக்கு எழுதிக்கொடுத்ததும் இந்த இடத்தில்தான். அதற்கு அறுபது வருஷம் கழித்து, நல்லம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்த காலத்தில், அதே மண்டபத்தில் மேசை கதிரை போட்டுக் கோடு என்னும் நீதிமன்றம் நடத்தினார்கள். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. மேசைகள் ஒரு மூலையில் ஒதுக்கிக் கிடந்தன. வழக்கும் இல்லை, துரையும் இல்லை.

விளக்குமாற்றோடு ஒரு பெரியவர் வந்தார். கோட்டில் வேலை செய்யும் முதியன்சே அவர். தோட்டத்து ஆட்களோடு பேசிப் பேசிப் பழகிய தமிழில், "இங்க தூங்க வேணாம், நோனா. நாளைக்கு தொரை வாறது" என்றார்.

"எந்தத் தொரை?"

"கோட்டுத் தொரை."

ராக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியாடி, தோட்டத்துல ஒரு தொரை, சத்திரத்துல ஒரு தொரை. நமக்குத் தொரை இல்லாத எடமே கெடையாது."

முதியன்சே சிரித்தார். நல்லம்மாவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை ஏறியிருந்த கண்ணாடி வளையல்களைப் பார்த்து, "லஸ்ஸனாய், நல்ல வடிவு" என்றார். வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். தாயும் மகளும் குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

அந்த வளையல்கள்தான் பிறகு வழக்காயின.

* * *

நல்லம்மா இந்தியாவிலிருந்து வந்தபோது சின்னப் பிள்ளை. புதுக்கோட்டைப் பக்கம் மழை பொய்த்த வருஷம் அது. ஒரு கங்காணி ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். மன்னாரில் தோணி இறங்கிக் காட்டுப்பாதையில் நாள்கணக்காக நடந்தார்கள். வழியில் வாந்திபேதி வந்து அப்பா போய்விட்டார். புதைத்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு ராக்கம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள். மாத்தளைக்கு மேலே ஏறி, கண்டியைத் தாண்டி, கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். அங்கே குளிர். காடு வெட்டிய புது நிலம். எங்கே பார்த்தாலும் காப்பிக் கன்று; அங்கே அதைக் கோப்பி என்றார்கள்.

தோட்டத்து ஆட்கள் இந்த மலைநாடு முழுவதையும் கண்டிச் சீமை என்றுதான் சொன்னார்கள். அவர்களிடம் அதற்கு வரைபடம் இல்லை. காலால் தெரிந்துகொண்டதுதான். மகாவலி கண்டி நகரத்தை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிழக்கே தும்பறை. தாழ்ந்த நிலம், வெயில் கூட, கோப்பி முதலில் பழுக்கும். பல்லேகல, திகன எல்லாம் அந்தப் பக்கம். நகரத்துக்குத் தெற்கே ஹந்தான மலை சுவர்போல நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு பேராதனைப் பாலம் வழியாகப் போய், பிறகு ஏறிக்கொண்டே இருந்தால் கலஹா. ஆகவே தும்பறையில் வாக்கப்பட்ட கலஹாப் பெண் தாய் வீட்டுக்குப் போவதென்றால் கண்டி நகரத்துக்குள் வந்துதான் போகவேண்டும். அதாவது கோட்டு வாசலைத் தாண்டித்தான்.

நல்லம்மா தும்பறையில் வீரையாவுக்கு வாக்கப்பட்டாள். வீரையாவுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. தாய்மாமன் சேதுராமன்தான் வளர்த்தார். சேதுராமன் அந்தத் தோட்டத்துக் கங்காணி. அவர் கூட்டிவந்த ஆட்கள் இரண்டு லயத்து வரிசை வீடுகள் நிறைய இருந்தார்கள். கல்யாணமோ சாவோ சண்டையோ அவர் இல்லாமல் நடக்காது. அவர் மனைவி பாலம்மா நல்லம்மாவுக்கு மாமியார் இடத்தில் இருந்தாள்.

ஒன்பதாம் மாதம் பிறந்தது. திகனக் கடையிலிருந்து கங்காணி வளையல் வாங்கி வந்தார். ராக்கம்மா கைம்பெண் என்பதால் லயத்துக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். முதல் வளையலைப் பாலம்மா போட்டாள். அப்புறம் மற்றப் பெண்கள். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கிளறி எல்லோருக்கும் கொடுத்தார்கள். கடைசியில் கங்காணி வெற்றிலைத் தட்டைக் கையில் கொடுத்து, "போயிட்டு நல்லபடியாப் பெத்து, பிள்ளையோட வா ஆத்தா" என்றார்.

இதற்கு மேல் என்ன உத்தரவு வேண்டும்? புருஷன் வீட்டார் வளையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். தாய் வந்து அழைத்துப்போகிறாள். நல்லம்மாவின் ஊரில் அவளுடைய பாட்டிக்கும் பூட்டிக்கும் அப்படித்தான் நடந்தது. வளையல் போட்ட கையோடு புறப்பட்ட பெண்ணை எங்கே போகிறாய் என்று கேட்டவர் கிடையாது.

ஆனால் கண்டிச் சீமையில் ஒரு சட்டம் இருந்தது. தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் விலகிப்போவதென்றால் ஒரு மாதத்துக்கு முன்னால் துரையிடம் சொல்லவேண்டும். சொல்லாமல் போனால் அது குற்றம். சிறைக்கு அனுப்பலாம். கோப்பிக்கு ஆள் தட்டுப்பாடு இருந்த காலத்தில் தோட்டத் துரைமார் இந்தச் சட்டத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நல்லம்மாவுக்கு இது தெரியாது. கங்காணிக்குத் தெரியும். துரையிடம் சொல்லவேண்டியது தன் பொறுப்பு என்பதும் அவருக்குத் தெரியும். சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. பழம் பழுத்துக் கொட்டும் பருவம். போன வாரம்தான் துரை, இந்தப் பருவம் முடியும்வரை ஒரு ஆள் குறைந்தாலும் கங்காணிதான் பதில் சொல்லவேண்டும் என்று கத்தியிருந்தார்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது, துரை நல்லம்மா எங்கே என்று கேட்டார்.

சேதுராமன் தலையைச் சொறிந்தார். "ராத்திரியே ஓடிட்டாங்க தொரே" என்றார்.

வீரையா பின்னால்தான் நின்றான். துரை நகர்ந்த பிறகு, "மாமா, என்னா சொல்லிப்புட்டீங்க?" என்று கேட்டான்.

"வாய மூடுடா. வேறென்ன சொல்லச் சொல்ற? நான்தான் அனுப்புனேன்னா பெரட்டுக்களத்துலயே என் தோலை உரிச்சிருவாரு. ரெண்டு நாள்ல மறந்துருவாரு. பிள்ளைய பெத்துட்டு வந்தா, ஓடிப்போனவ திரும்பி வந்துட்டான்னு சொல்லிக்கலாம்."

மற்றவர்கள் மறப்பதுபோல் துரையும் மறந்துவிடுவார் என்று நினைத்ததுதான் கங்காணி செய்த தப்புக் கணக்கு. துரை அன்றைக்கே கண்டிக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

* * *

கலஹாவில் பொலிஸ்காரர் வந்து நின்றபோது நல்லம்மா லயத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீதானே நல்லம்மா? தோட்டத்த விட்டு ஓடிட்டியாமே?"

நல்லம்மா முதலில் சிரித்தாள். "நானா? இந்த வயித்த வச்சுக்கிட்டா? என்னால உருளத்தாங்க முடியும்."

பொலிஸ்காரருக்கும் சிரிப்பு வந்திருக்கவேண்டும், அடக்கிக்கொண்டார். ஆனால் வாரண்டு வாரண்டுதான். ஏறிவந்த மலையை நல்லம்மா மறுபடி இறங்கினாள். கூடவே ராக்கம்மா, வழி முழுக்கத் திட்டிக்கொண்டு. பொலிஸ்காரர் நல்ல மனுஷன். அவள் உட்கார்ந்த இடத்திலெல்லாம் தானும் உட்கார்ந்தார். பேராதனைப் பாலத்தில் ஒரு மாட்டுவண்டியை மறித்து ஏற்றிவிட்டார்.

கண்டிக்கு வந்து, வண்டியிலிருந்து இறங்கி நல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள். அதே தூண்கள். அதே கூரை. காலை நீட்டி உட்கார்ந்த தரையில் இப்போது மேசை போட்டு ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். தூண்களுக்கு வெளியே சுற்றிலும் சனம். பல தோட்டத்து ஆட்கள், காணி வழக்குக்கு வந்த சிங்களவர்கள், திகனயிலிருந்து வந்த சோனக வியாபாரிகள். சுவர் இல்லாத கோடு என்பதால் உள்ளே பேசுவது வெளியே கேட்கும், வெளியே சிரிப்பது உள்ளே கேட்கும்.

"ஓடிப்போறவ கோட்டு வாசல்லயா வந்து ஒக்காருவா?" என்றாள் ராக்கம்மா, கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று. யாரும் அதைச் சாட்சியாக எழுதிக்கொள்ளவில்லை.

மொழிபெயர்க்கிறவர் மயில்வாகனம், யாழ்ப்பாணத்துக்காரர். மேலங்கியும் தலைப்பாகையுமாக நீதிபதிக்குப் பக்கத்தில் நின்றார்.

"நீ தோட்டத்தை விட்டுப் போனனியோ?"

"போனேங்க."

"துரையிட்டைச் சொல்லிப்போட்டோ போனனி?"

"வளையல் போட்டாங்க."

"நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லு. துரையிட்டைச் சொன்னனியோ, இல்லையோ?"

"வளையல் போட்டாங்கங்க. போட்டுத்தான அனுப்புனாங்க?" இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். வளையல்கள் சலசலத்து இறங்கின.

மயில்வாகனம் நீதிபதியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நீதிபதி திருப்பி ஏதோ கேட்டார். நீதிபதி அந்த வளையல்களைப் பற்றித்தான் கேட்டார் என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது. ஆனால் மயில்வாகனத்துக்கும் அது சரியாகத் தெரியாது. அவருடைய ஊரில் பிள்ளைப்பேறுக்கு முன்னால் இப்படி வளையல் போட்டு அனுப்புகிற வழக்கம் இல்லை. "ஏதோ ஒரு கொண்டாட்டம் போலை கிடக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டதைத்தான் இங்கிலீஷில் சொல்லியிருக்கவேண்டும். தமிழர் என்ற ஒரு பேர் போதும், ஒருவர் வீட்டு வழக்கம் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும் என்று அந்தக் கோடு நினைத்தது. அது அப்படி இல்லை.

அடுத்து கங்காணியைக் கூப்பிட்டார்கள். உண்மை சொல்வேன் என்று உறுதி எடுத்தார்.

"இந்தப் பெண்ணுக்கு வளையல் போட்டது உண்மையோ?"

"உண்மைங்க."

"ஏன் போட்டனீங்கள்?"

சேதுராமன் எதிரே உட்கார்ந்திருந்த தோட்டத் துரையைப் பார்த்தார். "சும்மா… அழகுக்குப் போட்டோம்ங்க."

தூண்களுக்கு வெளியே குபீரென்று சிரிப்பு எழுந்தது. யாரோ ஒரு பெண் உரத்த குரலில், "அப்படின்னா நீங்களும் ரெண்டு போட்டுக்கிறதுதான கங்காணியாரே, அழகா இருக்கும்ல!" என்றாள். முதியன்சே கையை உயர்த்தி அடக்கினார். நல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கங்காணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"போகச் சொல்லி உத்தரவு குடுத்தனீங்களோ?"

"இல்லைங்க."

நீதிபதி கெட்டவரல்ல. வயிற்றைப் பார்த்தார், யோசித்தார். கடைசியில் மயில்வாகனம் மூலம் சொன்னார். இன்றைக்கே தோட்டத்துக்குத் திரும்பிப் போவதென்றால் தண்டனை இல்லை. மாட்டேன் என்றால் ஒரு மாதம் சிறை.

நல்லம்மா, கங்காணியோடு வந்து தூணுக்கு வெளியே நின்ற வீரையாவைப் பார்த்தாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். ராக்கம்மா, போடி, திரும்பிப் போடி என்று கையால் ஜாடை காட்டினாள்.

நல்லம்மா சொன்னாள்: "திரும்பிப் போனா நாளைக்கு விடியுமுன்னே கூடையத் தூக்கிட்டுப் பழம் புடுங்கத்தான் அனுப்புவாங்க. ஓடிப்போனவன்னு பேரும் வாங்கியாச்சு. பிள்ளை மலையிலதான் விழும். செறையில ஒரு மூலையில படுக்கவாச்சும் விடுவாங்கல்ல?"

இந்தமுறை மயில்வாகனம் உடனே மொழிபெயர்க்கவில்லை. அவர் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, பிறகு சொன்னார். எவ்வளவு சொன்னார் என்பது தெரியாது. நீதிபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சட்டத்தில் அதற்கு இடம் இல்லை. ஒரு மாதம் என்று எழுதினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

* * *

சிறைக்குப் போகிறவர்களின் நகைநட்டைக் கழற்றித் தாயிடமோ தகப்பனிடமோ கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். உள்ளே போனால் எதுவும் திரும்பி வராது என்று நல்லெண்ணத்தோடு முதியன்சேதான் அதைச் செய்துவைப்பார். நல்லம்மாவைக் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். தோடும் மூக்குத்தியும் ராக்கம்மாவின் முந்தானைக்குப் போயின. வளையலைக் கழற்றப் பார்த்தார். அது வரவில்லை. போட்ட அன்று இருந்த கை இல்லை இது. ஒன்பதாம் மாதத்து வீக்கம். சவர்க்கார நுரை தடவிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

"உடைக்கத்தான் வேணும் நோனா. துணி சுத்தி உடைச்சா காயம் வராது."

அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அவருக்கு அது கண்ணாடி. துணியைச் சுற்றினார். ஒரு சின்னக் கல்லை எடுத்தார். நல்லம்மா கையை இழுப்பதற்குள் ஒரு வளையல் உடைந்துவிட்டது.

அந்தச் சத்தம் பெரிய சத்தமல்ல. ஆனால் அந்த மண்டபத்தில் சுவர் இல்லை.

"ஐயோ, என் மாப்பிள்ளை உசுரோட நிக்கிறப்பவா!" என்று ராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். புருஷன் செத்தபோது ராக்கம்மாவுக்குக் காட்டுப்பாதையில் அப்படித்தான் உடைத்தார்கள், ஒரு கல்லை எடுத்து. வீரையா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான். "நான் உசுரோட இருக்கேன்யா! இங்க பாருங்க, நான் உசுரோட இருக்கேன்!" என்று முதியன்சேயின் கையைப் பிடித்துக்கொண்டான். முதியன்சே கல்லைக் கீழே போட்டுவிட்டார். என்ன தப்புச் செய்தோம் என்று அவருக்குப் புரியவில்லை, ஏதோ தப்பு என்பது மட்டும் புரிந்தது.

சேதுராமன் அப்போது துரையின் குதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். தான் தூக்கி வளர்த்த அக்கா மகன், தான் சாகவில்லை என்று ஊர் நடுவே கத்திக்கொண்டு நிற்கிறான். உடைந்த வளையல் பாலம்மா முதலில் போட்டதா, மற்றப் பெண்கள் பிறகு போட்டதா என்று யாருக்குத் தெரியும்?  

அவர் தூணருகே போகவில்லை. கூப்பிடாமலே நேராக உள்ளே ஓடினார். இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதன் நடுவே மேசைக்கு முன்னால் போய் விழுந்தார்.

"தொரே, நான்தான் அனுப்புனேன்! நான்தான் வெத்தல தட்டு குடுத்துப் போயிட்டு வான்னு சொன்னேன். எங்க சனத்துல வளையல் போட்டா ஆத்தா வீட்டுக்கு அனுப்புறதுதான். அந்தப் புள்ள ஓடல. நான் பொய் சொல்லிட்டேன்."

மயில்வாகனம் மொழிபெயர்த்தார். நீதிபதி கேட்டதையும் சொன்னார்: "உறுதி எடுத்துப்போட்டுப் பொய் சொன்னதுக்கு உனக்குச் சிறை எண்டு தெரியுமோ எண்டு கேக்கிறார்."

"என்னைய என்ன வேணும்னாலும் செய்யச் சொல்லுங்கய்யா. அந்த வளையல விடச் சொல்லுங்க. மொதல்ல அதச் சொல்லுங்க."

மயில்வாகனம் முதலில் அதைத்தான் சொன்னார்.

* * *

நல்லம்மா போகவேண்டிய சிறைக்குக் கங்காணி போனார். தண்டனை நீங்கிய நல்லம்மா மறுநாள் பேராதனைப் பாலத்தைத் தாண்டி மறுபடி மலை ஏறினாள். வலிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது.

கலஹாவுக்கு அவள் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே பாலம்மா வந்தாள், தனியாக. தான் புறப்படுவதைத் துரையிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பழந்துணியில் சுற்றிய ஒரே ஒரு வளையல்.

"கைய நீட்டு."

"ஏறாது அத்தை. வீங்கிக் கெடக்கு."

"பெருசாத்தான் பாத்து வாங்கினேன். நீட்டு."

ஏறியது.  பிறகு நல்லம்மா கேட்டாள்.

"நீங்க அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாமே அத்தை?"

"பாலம்மான்னு யாரு கூப்பிட்டாங்க கோட்டுல? போட்ட கை என்னோடது. கேட்டது அவருகிட்ட." அவிழ்த்த முந்தானையை மறுபடி முடிந்துகொண்டே சொன்னாள்: "பொய் சொல்லக்கூடாது, நானா எந்திரிச்சும் வந்திருக்கலாம். நான் சொன்னா அவரு உள்ள போவாரு. சொல்லாட்டி நீ போவ. அடுப்புல கஞ்சிய வச்சுட்டு ஒக்காந்திருந்தேன். கஞ்சி தீஞ்சு போச்சு."

 ராக்கம்மா, "வந்தவளுக்குத் தண்ணி குடுடி" என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதுவும் வழக்கம்தான். வீக்கம் வற்றிய கையிலிருந்து அவை தாமாகவே வழுக்கிக்கொண்டு வந்தன.

பிள்ளையோடு நல்லம்மா தும்பறைக்குத் திரும்பியபோது கங்காணி வெளியே வந்துவிட்டார். துரை அவரைத் துரத்தவில்லை. துரத்தினால் இரண்டு லயத்து ஆட்களும் கூடவே போய்விடுவார்கள் என்பது துரைக்குத் தெரியும். பழம் இன்னும் மரத்தில் இருந்தது. நல்லம்மாவும் கங்காணியும் பழையபடி பேசிக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. அவர் பிள்ளையைத் தூக்க வந்தால் நல்லம்மா கொடுப்பாள். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

ஒன்று மட்டும் மாறியது. அதற்குப் பிறகு அந்தக் கங்காணியின் ஆட்களில் யாருக்கு வளையல் போட்டாலும், வெற்றிலைத் தட்டு கொடுத்தவுடன், கங்காணி அந்தப் பெண்ணை முன்னால் விட்டுக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் வாசலுக்குப் போவார். துரை வெளியே வந்து பார்ப்பார். கிளாக்கர் எழுதிக்கொள்வார். அதற்கப்புறம்தான் தாய் வீடு. முதலில் பயத்தில் செய்தார்கள். பிறகு பழக்கத்தில் செய்தார்கள்.

கோப்பி இலையில் நோய் வந்தது. சில வருஷத்தில் மலை முழுக்க மஞ்சளாகிக் கோப்பி பட்டுப்போனது. கலஹாப் பக்கம் தேயிலை போட்டார்கள். தும்பறையில் வெயில் என்று கொக்கோ போட்டார்கள். பழைய துரை போனார், புதுத் துரை வந்தார். சேதுராமன் போய்ச் சேர்ந்தார். வீரையா கங்காணியானான்.

அன்றைக்குக் கலஹாவில் பிறந்த பெண்ணுக்கு, அவள் பேர் சுந்தரி, தும்பறையிலேயே கல்யாணம் முடிந்து, பிள்ளை உண்டாகி ஒன்பதாம் மாதம் வந்தது. வளையல் போட்டார்கள். எல்லோரும் ஆபீஸ் வாசலுக்குப் போய் நின்றார்கள். புதுத் துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளாக்கர் எடுத்துச் சொன்னார். இது இவர்களுடைய பழைய வழக்கம், பிள்ளை பெறுவதற்கு முன்னால் துரையிடம் ஆசீர்வாதம் வாங்குவார்கள், இந்தியாவிலிருந்தே கொண்டுவந்த வழக்கம் என்று. துரைக்குச் சந்தோஷம். ஆசீர்வதிக்கிறவர்போலத் தலையை ஆட்டினார்.

கிளாக்கர் தமிழிலும் அதைச் சொன்னதால் நல்லம்மாவுக்கு எல்லாம் கேட்டது. வீரையா அவளைத் திரும்பிப் பார்த்தான்.  அப்போது சுந்தரி, மற்றப் பெண்கள் செய்ததைப் பார்த்து வளர்ந்தவள் ஆகையால், இரண்டு கைகளையும் கூப்பித் துரையைக் கும்பிடப் போனாள்.

நல்லம்மா பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்தாள்.

"கும்புடாத. இது கும்புடுறதுக்கு இல்ல" என்றாள். மகளின் இரண்டு கைகளையும் பிரித்துத் தூக்கிப் பிடித்தாள். வளையல்கள் முழங்கை வரை சலசலத்து இறங்கின. "கையக் காட்டு. நல்லாக் காட்டு. அவுங்க பாத்துட்டாங்கன்னா போதும், நாம போகலாம்."